பத்தியிடம் கேட்ட கேள்விக்குத் தாத்தா பதில் சொல்லக்கூடாது: வாசித்து விடையளிக்கும் கேள்விகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அரையாண்டுத் தேர்வு விடைத்தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒரு பையன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். பத்தாம் வகுப்பு. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், அப்பாவுக்கு அரை வேலி நிலம். தமிழ்த் தாளில் உரைப்பத்தி ஒன்று கொடுத்திருந்தார்கள். ஏதோ ஓர் ஆண்டில் மேட்டூர் அணை தாமதமாக ஜூலையில் திறக்கப்பட்டதையும், அதனால் குறுவை நடவு தள்ளிப்போனதையும் பற்றிய பத்தி. முதல் கேள்வி, 'அந்த ஆண்டு அணை எந்த மாதம் திறக்கப்பட்டது?' என்பது. பையன் எழுதியிருந்தது: 'ஜூன் 12'. பூஜ்ஜியம்.

"ஜூன் 12தானே சார்? எங்க தாத்தாகிட்ட கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாரு."

"தாத்தா சொல்றது சரிதாம்ப்பா. ஆனா கேள்வி தாத்தாகிட்ட கேட்டது இல்லையே, பத்திகிட்ட கேட்டது."

மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம் என்பது டெல்டாவில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். 2018இல் ஜூலை 19இல்தான் திறந்தார்கள் என்பது பலருக்கு மறந்திருக்கும். தலையில் ஆழமாகப் பதிந்தது முந்திக்கொண்டு கைக்கு வந்துவிடுகிறது. கண் 'ஜூலை' என்று படித்தாலும் மனம் 'ஜூன்' என்று எழுத வைக்கிறது. மாலை வகுப்பில் வருஷக்கணக்காக விடைத்தாள் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: பிள்ளைகளுக்குப் பத்தி புரியாமல் போகும் மதிப்பெண்ணைவிட, விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் போகும் மதிப்பெண் அதிகம். தெரியாத விஷயத்தைப் பற்றிய பத்தி என்றால் வரி வரியாகப் படிக்கிறார்கள். நெல், காவிரி, பெரிய கோயில் என்று வந்தால் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் எங்கே சுற்றினாலும் அந்த ஒரு இடத்துக்குத்தான் திரும்பி வருவேன். விடை பத்தியில் இருக்கிறது. எந்த வரியில் என்று விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் அது விடை இல்லை.

எந்தத் தேர்வு, எவ்வளவு நேரம்

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்தி உண்டு. இரண்டிலும் விடையை நாமே எழுத வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் 200 கேள்விகளுக்கு மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனுக்கென்று பாடத்திட்டத்தில் தனி அலகே இருக்கிறது. 180 நிமிடத்தை 200ஆல் வகுத்தால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. பத்தியும் அதன்கீழ் ஐந்து கேள்வியும் வந்தால், பத்தியைப் படிக்கும் நேரத்தையும் சேர்த்து மொத்தம் நாலரை நிமிடம். அதற்கு மேல் எடுத்தால் அடுத்த கேள்வியிடம் கடன் வாங்குகிறோம் என்று பொருள். கடனைக் கணக்குப் பகுதியிலே அடைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அங்கேயும் இழுபறிதான்.

வங்கித் தேர்வில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். குரூப் 4இல் தவறுக்கு அப்படிக் குறைப்பது இல்லை. ஆனால் விடை தெரியாவிட்டால் 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவதாக இருக்கும் 'இ' வட்டத்தை, அதாவது ஆங்கில எழுத்து வரிசையின் ஐந்தாம் எழுத்தை, நிரப்ப வேண்டும். எதையும் நிரப்பாமல் விட்டு வருவதுதான் அங்கே பிழை. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். இரண்டு விடைகளுக்கு நடுவில் தடுமாறும்போது, குரூப் 4 என்றால் ஒன்றைத் துணிந்து தொடலாம். வங்கித் தேர்வென்றால் குறைந்தது இரண்டு விடையையாவது நிச்சயமாகத் தள்ளிய பிறகு தொடுங்கள்.

வீட்டில் ஒருநாள் கடிகாரத்தை வைத்து, செய்தித்தாளில் ஏறக்குறைய 150 சொல் வரும் ஒரு செய்தியைப் படித்துப் பாருங்கள். உங்கள் வேகம் எவ்வளவு என்று தெரியாமல் நேரம் பிரிப்பது, வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வருகிறதென்று பார்க்காமல் மடை திறப்பதுபோல.

முதல் படி: கேள்வியைப் படியுங்கள், விடைகளைப் படிக்காதீர்கள்

முதலில் பத்தியா, கேள்வியா என்ற சண்டை எல்லா ஆசிரியர் அறையிலும் நடக்கும். என் வழி இது. பத்தி அரைப் பக்கத்துக்குள் இருந்தால் கேள்விகளை முதலில் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகும் பத்தி என்றால் பத்தியையே முதலில் படியுங்கள். ஏனென்றால் ஏழெட்டுக் கேள்வியைத் தலையில் சுமந்துகொண்டு நீளமான பத்தியைப் படித்தால் இரண்டும் நிற்காது.

கேள்வியை முதலில் பார்க்கும்போது கீழே இருக்கும் அ, ஆ, இ, ஈ நான்கையும் தொடவே கூடாது. அவற்றில் மூன்று பொய். பத்தியைப் படிக்கும் முன்பே மூன்று பொய்யைத் தலையில் ஏற்றிக்கொண்டால், பிறகு பத்தியில் படித்தது எது, விடைப்பட்டியலில் படித்தது எது என்றே குழம்பிவிடும்.

கேள்வியில் இருக்கும் வினாச்சொல்லைக் கவனியுங்கள். 'எது' என்றால் ஒன்று. 'எவை' என்றால் குறைந்தது இரண்டு. ஒன்றோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண் போச்சு. 'எதனால்' என்பது காரணம் கேட்கிறது, 'எதற்காக' என்பது நோக்கம் கேட்கிறது. 'விவசாயி எதனால் கடன் வாங்கினார்?' என்றால் மழை பொய்த்ததால். 'எதற்காக வாங்கினார்?' என்றால் விதைநெல் வாங்க. இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கும். அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதிவிட்டு, 'பத்தியில் இருக்கிறதே சார்' என்று வருகிறவர்கள் உண்டு.

இரண்டாம் படி: பத்தியை ஒரே ஒருமுறை, ஆனால் உழுதுவிடுவதுபோல

இதைச் செய்துகாட்டினால்தான் விளங்கும். என் வகுப்பில் நான் எழுதிக்கொடுக்கும் பத்தி ஒன்று. வசதிக்காக வாக்கியங்களுக்கு எண் போட்டிருக்கிறேன்.

(1) முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். (2) கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது; ஆகையால் தண்ணீர் அந்தப் பக்கமே அதிகம் சாய்ந்தது. (3) காவிரியிலோ வேகம் குறைந்து மணல் மேடிட்டது. தஞ்சைப் பகுதியின் பாசனத்துக்குப் போதிய நீர் வரவில்லை. (4) இதைச் சரிசெய்ய முனைந்த பொறியாளர் ஆர்தர் காட்டன், கல்லணையின் அடித்தளத்தை ஆராய்ந்தார். (5) ஆழம் காண முடியாத மணலில், பாறையைத் தேடிப் போகாமல், பெருங்கற்களை மணலிலேயே அமிழவிட்டு முன்னோர் அந்த அணையை நிறுத்தியிருந்தனர். (6) அந்த உத்தியைக் கைக்கொண்டு 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். (7) பின்னாளில் கோதாவரியின் குறுக்கே தவளேஸ்வரத்தில் அணை கட்டியபோதும் அந்தப் பாடம் அவருக்குக் கைகொடுத்தது.

படிக்கும்போது மூன்று வகைச் சொல்லின் மேல்தான் பென்சில் நிற்க வேண்டும். ஒன்று, பெயரும் எண்ணும்: முக்கொம்பு, காட்டன், 1836. இரண்டு, திருப்பும் சொல்: ஆகையால், ஆனால், எனினும், ஏனெனில், தவிர. மூன்று, சுட்டும் சொல்: அந்த, இது, அவர், அதே. எல்லா வரிக்கும் அடிக்கோடு போடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் கோடு போட்டால் எதற்கும் போடவில்லை என்றுதான் கணக்கு. கேள்வித்தாளில் எழுத அனுமதி இல்லாத தேர்வில் இடதுகை விரலை வரியோடு நகர்த்துங்கள். கணினித் தேர்வில், கொடுக்கும் வெள்ளைத்தாளில் ஒவ்வொரு பத்திக்கும் இரண்டே சொல் குறித்தால் போதும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். தமிழ்ப் பத்தியில் பொருள் திரும்புவது பெரிய சொற்களில் இல்லை, சொல்லின் வாலில். இலக்கண வகுப்பில் இடைச்சொல் என்று மனப்பாடம் செய்துவிட்டு மறந்தோமே, அதற்குச் சம்பளம் இங்கேதான் கிடைக்கிறது.

'கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது' என்றால் சாதாரணச் செய்தி. 'கொள்ளிடத்திலும் வெள்ளம் வந்தது' என்றால் வேறெங்கேயோ ஏற்கெனவே வந்துவிட்டது. 'கொள்ளிடத்தில்தான் வந்தது' என்றால் மற்ற இடத்தில் வரவில்லை. மேலே இருக்கும் பத்தியில் வாக்கியம் 3ஐப் பாருங்கள், 'காவிரியிலோ' என்று ஓர் ஓகாரம். இங்கே அது, முன் வாக்கியத்துக்கு எதிர்ப்பக்கம் பேசப்போகிறது என்று காட்டுகிறது. வாக்கியம் 7இல் 'கட்டியபோதும்' என்ற உம்மை. அந்தப் பாடம் அதற்கு முன்பே ஒருமுறை பயன்பட்டது என்பதை அந்த ஒரு 'உம்' சொல்லிவிடுகிறது. தேர்வாளர் கேள்வி எடுக்கும் இடம் இதுபோன்ற வால்கள்தான்.

இரட்டை எதிர்மறையும் அப்படியே. 'தண்ணீர் வராமல் இல்லை' என்றால் வந்தது. ஆனால் போதவில்லையோ என்னவோ என்ற ஒரு தயக்கமும் ஒட்டியிருக்கிறது. 'பெரும்பாலும்', 'சில வேளைகளில்', 'எப்போதும்', 'மட்டுமே' ஆகிய நான்கும் அளவுச்சொற்கள். பத்தியில் 'பெரும்பாலும்' என்று இருந்து விடையில் 'எப்போதும்' என்று இருந்தால் அது தவறு, மற்ற எல்லாச் சொல்லும் பொருந்தினாலும். 'என்பர்', 'எனக் கூறப்படுகிறது' என்று முடியும் வாக்கியத்தில் எழுதியவர் தன் தலையைக் கொடுக்கவில்லை. அதை 'ஆசிரியரின் கருத்து' என்று எழுதக்கூடாது.

நீளமான வாக்கியம் வந்தால் மலைக்க வேண்டாம். தமிழ் வாக்கியத்தை வால்பக்கத்திலிருந்து பிடித்தால் அடங்கும். இதைப் பாருங்கள்: 'மழை பொய்த்ததால் மேட்டூருக்கு நீர்வரத்துக் குறைந்து, முறைவைத்துத் தண்ணீர் விட்டும் கடைமடைக்கு எட்டாமல் போனதால் நட்ட பயிரைக் காப்பாற்ற வழியின்றி விவசாயிகள் தவித்தனர்.' கடைசிச் சொல் 'தவித்தனர்'. யார்? விவசாயிகள். ஏன்? பயிரைக் காப்பாற்ற வழியில்லை. அது ஏன்? கடைமடைக்கு எட்டவில்லை. முறைவைத்தார்களே? 'விட்டும்' எட்டவில்லை. அது ஏன்? நீர்வரத்து குறைவு. அது ஏன்? மழை. ஆறு கேள்வி கேட்டுப் பின்னோக்கி நடந்தால் மொத்த வாக்கியமும் சங்கிலியாக வந்துவிடும். 'விவசாயிகள் தவித்ததன் அடிப்படைக் காரணம் யாது?' என்று கேட்டால் இப்படி நடந்து கடைசியில் வந்த கண்ணியையும் (மழை), 'உடனடிக் காரணம்' என்று கேட்டால் முதலில் வந்த கண்ணியையும் (பயிரைக் காப்பாற்ற வழியில்லை) எடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: கேள்வி எந்த இனம் என்று பாருங்கள்

பத்திக் கேள்விகள் எத்தனை விதமாக வந்தாலும் எனக்குத் தெரிந்து ஆறு இனத்துக்குள் அடங்கிவிடும். மேலே உள்ள பத்தியை வைத்தே ஒவ்வொன்றாகப் போவோம்.

நேர்க்கேள்வி. 'தண்ணீர் கொள்ளிடத்தின் பக்கம் சாய்ந்தது ஏன்?' வாக்கியம் 2இல் அப்படியே இருக்கிறது, படுகை தாழ்வானது என்று. இதற்கு ஒரு நிமிடம் செலவழிக்கிறவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சுட்டுக்கேள்வி. 'அந்த உத்தி என்று குறிப்பிடப்படுவது எது?' சுட்டுச்சொல் பெரும்பாலும் முன்னால் போனதைத்தான் சுட்டும். ஆகவே வாக்கியம் 6இலிருந்து மேலே ஏறுங்கள். வாக்கியம் 5: பாறையைத் தேடாமல் பெருங்கற்களை மணலில் அமிழவிடுவது. 'மேலணையைக் கட்டுவது' என்று எழுதுவது வழக்கமான பிழை. அது சுட்டுக்குப் பின்னால் வருகிறது. எழுதிய விடையைச் சுட்டுச்சொல் இருந்த இடத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள், 'பெருங்கற்களை மணலில் அமிழவிடும் உத்தியைக் கைக்கொண்டு மேலணையைக் கட்டத் தொடங்கினார்'. பொருந்துகிறது. 'மேலணை கட்டும் உத்தியைக் கைக்கொண்டு மேலணையை' என்றால் பொருந்தவில்லை.

சொற்பொருள். 'கைகொடுத்தது' என்பதன் பொருள்? அ) கை குலுக்கியது ஆ) உதவியது இ) கைவிட்டது ஈ) பணம் கொடுத்தது. இதிலும் அதே வைத்துப் பார்க்கும் முறைதான். ஒரு சொல்லுக்கு அகராதியில் நாலு பொருள் இருக்கும், பத்தியில் ஒன்றுதான். 'மடை' என்றால் சமையலும்தான், வாய்க்கால் திறப்பும்தான். பத்தி வயலைப் பற்றியதா, கோயில் படையலைப் பற்றியதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பொருந்தாக் கூற்று. 'பின்வருவனவற்றுள் தவறானது எது?' அ) கொள்ளிடம் வடக்கே பிரிகிறது ஆ) மழைக் குறைவால் காவிரியில் நீர் குறைந்தது இ) காட்டன் கல்லணையை ஆராய்ந்தார் ஈ) மேலணை முக்கொம்பில் உள்ளது. இந்த இனத்தில் பிள்ளைகள் கேள்வியைப் பாதியில் மறந்துவிடுகிறார்கள். 'அ' சரியாக இருக்கிறதே என்று அதையே நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். 'தவறானது', 'அல்லாதது', 'பொருந்தாதது' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். பிறகு நான்குக்கும் பக்கத்தில் 'உண்டு', 'இல்லை' என்று குறியுங்கள். மூன்று 'உண்டு', ஒரு 'இல்லை' வர வேண்டும். இங்கே 'ஆ'தான் இல்லை. பத்தி சொல்லும் காரணம் மணல் மேடும் தாழ்ந்த படுகையும். மழையைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைக்கு 'தண்ணீர் குறைந்தது' என்றதும் மழைதான் நினைவுக்கு வரும். மறுபடியும் தாத்தா.

உய்த்துணர்தல். கஷ்டமான இனம் இதுதான், எல்லாத் தேர்விலும் ஆளைப் பிரிக்கும் கேள்வியும் இதுதான். 'இப்பத்தியிலிருந்து நாம் அறியக்கூடியது எது?' அ) கல்லணையைக் கட்டியவன் கரிகாலன் ஆ) கல்லணை மேலணைக்கு முந்தையது இ) தவளேஸ்வரம் அணை மேலணையைவிடப் பெரியது ஈ) முக்கொம்பில் பாறையே கிடையாது.

வகுப்பில் இந்தக் கேள்வியைக் கொடுத்தால் பாதிக் கைகள் 'அ'வுக்குத் தூக்கும். கரிகாலன் என்ற பெயர் பத்தியில் எங்கே என்று கேட்டால் ஒரு நிமிடம் தேடிவிட்டுத்தான் கையை இறக்குவார்கள். பத்தி 'முன்னோர்' என்று மட்டும்தான் சொல்கிறது. ஊர் அறிந்த செய்தியாகவே இருந்தாலும் பத்தி அதைச் சொல்லவில்லை. 'ஆ' எந்த வரியிலும் நேராக இல்லை, ஆனால் வந்துதான் ஆக வேண்டும்: கல்லணையை ஆராய்ந்து கற்ற உத்தியால் மேலணை கட்டினார் என்றால் கல்லணை முன்பே இருந்திருக்க வேண்டும். அதுவே விடை. 'இ'யில் ஒப்பீடு இருக்கிறது, பத்தியில் அளவைப் பற்றிப் பேச்சே இல்லை. 'ஈ' கொஞ்சம் நயவஞ்சகமானது. பாறையைத் தேடிப் போகவில்லை என்றது கல்லணையைப் பற்றி, அதுவும் 'தேடிப் போகாமல்' என்றுதான். 'கிடையாது' என்று யாரும் சொல்லவில்லை.

உய்த்துணர்தலுக்கு ஒரு சோதனை: 'பத்தி உண்மை, ஆனால் இந்த விடை பொய்' என்று ஒரு நிலைமையைக் கற்பனை செய்ய முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அந்த விடையைத் தள்ளிவிடலாம். பத்தி முழுக்க உண்மையாக இருந்தும் கல்லணையை வேறொரு மன்னன் கட்டியிருக்க முடியுமா? பத்தியை மட்டும் வைத்துப் பார்த்தால், முடியும். ஆகவே 'அ' போச்சு. கல்லணை மேலணைக்குப் பிந்தையதாக இருக்க முடியுமா? முடியாது. நின்றது.

தலைப்பு. அ) காவிரியின் கிளைகள் ஆ) ஆர்தர் காட்டனின் வாழ்க்கை இ) பழைய அணை கற்றுத்தந்த பாடம் ஈ) தவளேஸ்வரம் அணை. 'அ' முதல் வரிகளை மட்டும் மூடும், 'ஈ' கடைசி வரியை மட்டும். 'ஆ' பெரிதாகிவிட்டது, அவர் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே இல்லை. தலைப்பு போர்வை மாதிரி, காலையும் மூட வேண்டும், தலையையும் மூட வேண்டும், பக்கத்துப் பாய்க்கும் போகக்கூடாது. 'இ'.

நான்காம் படி: தூற்றுவது

களத்தில் தூற்றும்போது நெல் காலடியில் விழும், பதர் காற்றில் விலகிப் போகும். பதரும் பார்வைக்கு நெல்தான், உள்ளே அரிசி இல்லை. விடைகளில் வரும் பதர்களை நான் ஓர் எழுத்தால் குறிக்கச் சொல்வேன். வெளி அறிவால் வந்தது 'வெ'. அளவை மாற்றியது, 'சில'வை 'எல்லா'மாக்கியது, 'அ'. ஒருவர் செய்ததை இன்னொருவர் தலையில் கட்டியது, 'ஆள்'. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போட்டது, 'கா'. பத்தியில் இருக்கிறது, உண்மையும்தான், ஆனால் கேட்ட கேள்விக்கு விடை இல்லை என்றால் 'கே'.

கடைசியாகச் சொன்ன 'கே' ஆபத்தானது. 'காட்டன் ஏன் கல்லணையை ஆராய்ந்தார்?' என்ற கேள்விக்கு 'அவர் 1836இல் மேலணையைக் கட்டத் தொடங்கினார்' என்று ஒரு விடை இருக்கும். வரி 6இல் விரல் வைத்துக் காட்டலாம், சந்தேகமே இல்லை. ஆனால் கேட்டது ஏன் என்று. ஆகவே விரல் வைத்ததோடு நிற்காமல், அந்த வரி கேள்வியைப் பார்த்துப் பேசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு விடை கடைசியில் மிஞ்சினால் இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். இரண்டுக்கும் எந்த ஒரு சொல்லில் வித்தியாசம் என்று கண்டுபிடித்து, அந்த ஒரு சொல்லோடு மட்டும் பத்திக்குத் திரும்பிப் போங்கள்.

ஐந்தாம் படி: விடையை எழுதுவது

பள்ளித் தேர்வில் எழுதுகிறவர்களுக்கு இது. ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஒரு முழு வாக்கியம் போதும். பத்தியில் அந்த இடத்தைக் கண்டுபிடித்ததும் முன்னும் பின்னும் இருக்கும் மூன்று வாக்கியத்தையும் சேர்த்து அள்ளிப் போடுவது பயத்தால் வரும் பழக்கம். 'எங்கேயாவது விடை இருக்கும், சார் தேடி எடுத்துக்கட்டும்' என்ற எண்ணம். திருத்துகிறவர் உங்களுக்காகத் தேட மாட்டார். அவருக்கு முன்னால் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது.

விடையில் 'அது', 'அவர்' என்று தொடங்காதீர்கள். 'அது தாழ்வாக இருந்ததால்' என்று எழுதினால் எது என்று கேட்பார்கள். 'கொள்ளிடத்தின் படுகை தாழ்வாக இருந்ததால் தண்ணீர் அந்தப் பக்கம் சாய்ந்தது' என்று எழுதினால் முடிந்தது. 'ஏன்' என்றால் விடை 'ஆல்' என்றோ 'ஏனெனில்' என்றோ வர வேண்டும். 'எங்கே' என்றால் 'இல்'. கேள்வியின் சொற்களையே திருப்பிப் போட்டால் வாக்கியம் தானாகவே அமையும். 'உம் சொந்த நடையில் எழுதுக' என்று சொல்லியிருந்தால் மட்டும் சொற்களை மாற்றுங்கள், அப்போதும் பெயரையும் எண்ணையும் மாற்றாதீர்கள்.

வினா உருவாக்கச் சொல்லும் கேள்வியும் வரும். விடையை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அங்கே வினாச்சொல்லை வையுங்கள். வேறு வித்தை ஒன்றும் இல்லை.

ஆங்கிலப் பத்தி, தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு

முதல் விஷயம், மனத்துக்குள் வரி வரியாகத் தமிழாக்காதீர்கள். நேரம் போவது ஒருபக்கம், ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுவதால் தமிழ் ஒழுங்குக்குத் திருப்பிக்கொண்டே இருந்தால் தலை சுற்றும். யார், என்ன செய்தார் என்ற இரண்டை மட்டும் ஒவ்வொரு வாக்கியத்திலும் பிடியுங்கள்.

தெரியாத சொல் வந்தால் பக்கத்து வீட்டைக் கேளுங்கள். 'தி ரிவர் வாஸ் இன் ஸ்பேட் அண்ட் பீப்பிள் மூவ்டு டு ஹையர் கிரவுண்ட்' என்று ஒரு வரி. 'ஸ்பேட்' தெரியாது, சரி. ஆறு ஏதோ ஆகிறது, ஜனங்கள் மேட்டுக்குப் போகிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் கொள்ளிடக்கரையில் இருப்பவருக்கு இதற்கு மேல் அகராதி வேண்டுமா? வெளி அறிவு வேண்டாம் என்று இவ்வளவு நேரம் சொன்னேனே என்று கேட்கலாம். சொல்லை ஊகிக்க அறிவைப் பயன்படுத்தலாம். விடையை ஊகிக்கத்தான் கூடாது.

எதிர்மறை ஒளிந்திருக்கும் சொற்களைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஹார்ட்லி, பேர்லி, அன்லெஸ், வித்தவுட், நீதர். 'நாட்' என்று வெளிப்படையாக இல்லாததால் இவற்றைத் தாண்டிப் போய்விடுவோம். விடை எழுதும்போது, கேள்வியில் 'டிட்' இருந்தால் உங்கள் விடையில் 'டிட்' போய்விடும், வினை இறந்தகாலத்துக்கு மாறும். 'ஒய் டிட் ஹி செல்?' என்றால் 'ஹி சோல்ட்'. 'ஹி டிட் செல்' என்றோ 'ஹி செல்' என்றோ எழுதி அரை மதிப்பெண் விடுகிறவர்கள் நிறைய.

பாடல் பத்தி

செய்யுளைக் கொடுத்துக் கேட்டால் முதலில் சீர்களைப் பிரித்து, சந்தியை உடைத்து, உரைநடையாக ஒருமுறை வாசியுங்கள். பிறகு எழுவாயைத் தேடுங்கள், செய்யுளில் அது எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கும். எதுகை, மோனை கேட்டால் பொருள் புரிய வேண்டியதே இல்லை. எதுகைக்கு இரண்டாம் எழுத்து, மோனைக்கு முதல் எழுத்து. அதை முதலில் எடுத்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

பயிற்சி

நீடாமங்கலம் ரயில்வே கேட் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது மூடினால் எப்போது திறக்குமென்று கேட்கீப்பருக்கே நிச்சயம் கிடையாது என்று பேருந்தில் கேலி செய்வார்கள். என்னிடம் படித்த சில பிள்ளைகள் அந்த நேரத்தைத்தான் பயிற்சிக்கு வைத்துக்கொண்டார்கள். செய்தித்தாளில் ஒரு பத்தி. படித்து முடித்ததும் தாளை மடித்துவிட்டு, அதிலிருந்து மூன்று கேள்வியைத் தாங்களே எடுக்க வேண்டும், ஒன்று நேர்க்கேள்வி, ஒன்று சுட்டு, ஒன்று உய்த்துணர்தல். கேள்வி எடுக்கத் தெரிந்துவிட்டால் பொறி எங்கே வைப்பார்கள் என்பது தெரிந்துவிடும். பக்கத்தில் தோழன் இருந்தால் நாலு விடையும் எழுதி, அவனை ஏமாற்ற முடிகிறதா பாருங்கள். இதில் பெண்பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அவர்கள் போடும் பொய் விடையில் நானே விழுந்திருக்கிறேன்.

முதல் பத்து நாள் கடிகாரம் வேண்டாம். நிதானமாக, எல்லா விடைக்கும் வரி எண் எழுதிப் பழகுங்கள். அடுத்த பத்து நாள் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் கட்டுப்படுத்தாதீர்கள். அதன்பிறகு ஐந்து கேள்விக்கு நாலரை நிமிடம் என்று மணி வையுங்கள். நேரத்தை முதலிலேயே இறுக்கினால் வேகமாகத் தவறு செய்யத்தான் பழகுவோம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தவறு நோட்டு. நாற்பது பக்க நோட்டு போதும். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையை எழுத வேண்டாம், ஏன் தவறியது என்று அந்த எழுத்தை மட்டும் எழுதுங்கள்: வெ, அ, ஆள், கா, கே. இரண்டு வாரத்தில் உங்கள் பலவீனம் எந்த எழுத்து என்று நோட்டே சொல்லிவிடும். 'ஆள்' அதிகமென்றால் சுட்டுச்சொல்லில் அவசரப்படுகிறீர்கள். 'கா' அதிகமென்றால் ஆகையால், ஏனெனில் இரண்டையும் வட்டமிடப் பழகவில்லை. எல்லா எழுத்தும் சமமாக இருந்தால் தூக்கம் போதவில்லையா என்று பாருங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 12 எழுதிய பையனின் நோட்டை நேற்று வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கங்களில் வரிக்கு வரி 'வெ'. போகப்போகக் குறைந்து, கடைசிப் பக்கத்தில் இரண்டே இரண்டு இருந்தது. இரண்டும் நாற்றங்காலைப் பற்றிய பத்தியில்.